மிஸ் யோகமலர்

உ
வெள்ளவத்தை
12.02.1998

அன்புள்ள நாகேஸ்வரி மச்சாளுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக வந்து சேர்ந்தேன். மாமியின் முழங்கால் எப்படி? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஒன்றும் விடாமல் எழுதும் என்று சொல்லி அனுப்பினீர்கள். எழுதுகிறேன். கப்பலில் திருகோணமலை வரைக்கும் சத்தி எடுத்தபடிதான். பிறகு பஸ்ஸில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்கள் என்று கேட்காதீர்கள். அப்பாவோடு வேலை செய்த பாலசுந்தரம் அண்ணையின் வீட்டில் குசினிக்குப் பின்னால் ஓர் அறை தந்திருக்கிறார்கள். கடல் இரைச்சல் கேட்கும்.

உங்கள் தம்பியைப் பார்த்துவிட்டேன். மறியற்சாலை தெற்கே, ரயிலில் போக வேண்டும். மெலிந்திருக்கிறார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னப்பா, கப்பலிலயோ வந்தனீர்? உமக்கு வாவியைக் கண்டாலே தலை சுத்துமே" என்று பகிடி விட்டார். நான்தான் அழுதேன். மருந்துக்கடைக்குச் சாமான் வாங்க வந்த மனுசனைக் கொட்டாஞ்சேனை லொட்ஜில் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். இன்னும் வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. வாராவாரம் ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தரணி சொல்கிறார். பார்க்க ஆள் இல்லாதவர்களை எங்காவது மாற்றினால் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

இங்கே நிற்பதென்றால் பொலிசில் பதிய வேண்டும். "ஏன் வந்தது?" என்று கேட்டார்கள். மறியலில் இருப்பவரின் பெண்சாதி என்றால் என்னையும் உள்ளே இருத்திவிடுவார்கள் என்ற பயத்தில், கண் வைத்தியம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான் பதிந்தார்கள். அடுத்த முறை சரியான காரணம் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பாலசுந்தரம் அண்ணை சொல்கிறார்: "வேலை ஒண்டு எடு பிள்ளை. கொம்பனிக் கடிதம் காட்டினால் ஒரு வருசத்துக்கு விடுவாங்கள்." காலி வீதியில் ஒரு சூப்பர்மார்க்கட் திறந்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன். உள்ளே போகக் கால் ஏவுதில்லை. நாளைக்குப் போவேன் என்று உங்களுக்கு எழுதிவிட்டால் போகாமல் இருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நாளைக்குப் போவேன்.

மாமிக்கு என் வணக்கம்.
யோகமலர்


கொக்குவில்
03.03.1998

யோகமலருக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் அவவின் வாயைப் போல, ஓய்வில்லாமல் வேலை காட்டுகிறது. உம்முடைய சுகத்துக்கு நல்லூரானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கப்பல் பிந்தியதால் கடிதமும் பிந்தியது. ஆமிக்காரரின் தடையெல்லாம் தாண்டித் தனியே போன ஆளுக்குக் கண்ணாடிக் கதவு பயமோ? நல்ல கதை. தள்ளிக்கொண்டு உள்ளே போம்.

பெரியப்பா முறையான கனகசபாபதியர் விஷயம் கேள்விப்பட்டு வந்து மூக்கைச் சுளித்தார். "மீன் ரின் விக்கவோ மருமோளை விட்டனீங்கள்?" என்றார். "அப்ப தம்பியை மறியலில போய்ப் பாக்க நீங்கள் போறியளோ?" என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். ஆகவே சனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீர் வேலையைப் பாரும்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். கடிதம் வந்தால் அம்மா, "தம்பியைப் பற்றி எழுதின இடத்தை முதல் வாசி, மிச்சத்தைப் பிறகு வாசி" என்கிறா. அவனைப் பற்றி முதலிலேயே எழுதும். நான் பக்கம் புரட்டித் தேட, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவவுக்கு மூச்சு வாங்குகிறது.

வேலை கிடைத்ததோ இல்லையோ, உடனே எழுதவும்.
நாகேஸ்வரி


வெள்ளவத்தை
25.03.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

முதலில் மாமிக்கு: ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தேன். பல்வலி நின்றுவிட்டது. கொண்டுபோன பருத்தித்துறை வடையை எனக்கு முன்னாலேயே தின்றார். உங்கள் எல்லாரையும் விசாரித்தார்.

இனி என் கதை. வேலை கிடைத்துவிட்டது மச்சாள்!

மனேஜரின் பெயர் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனை ஆள். மூன்று பாஷையையும் ஒரே அம்மியில் போட்டு அரைப்பார். ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து, மூன்று பாஷையிலும் பெயர் சொல்லச் சொன்னார். தமிழ் ஓடியது, இங்கிலிசு நடந்தது, சிங்களம் பருப்போடு நின்றுவிட்டது. பருப்புக்கு அங்கேயும் அதே பெயர் என்பதால் தப்பினேன். பாகற்காயைத் தூக்கிக் காட்டினார். சிங்களப் பெயர் தெரியாமல் கசந்த மாதிரி முகத்தைக் கோணிக் காட்டினேன். மனுசன் மேசையில் அடித்துச் சிரித்தார். "கஸ்டமருக்கும் இப்பிடித்தான் காட்டுவீங்களா மிஸ்?" என்று கேட்டார். சிங்களம் ஒரு மாதத்துக்குள் பிடித்துவிட வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்.

வேறு கேள்விகளும் கேட்டார். வீடு, ஊர், குடும்பம் எல்லாம். ஒன்றிரண்டுக்கு யோசித்துத்தான் மறுமொழி சொல்ல வேண்டியிருந்தது. அது கிடக்கட்டும்.

கொம்பனிக் கடிதத்தோடு பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். பிறகு ஒரு வருடத்துக்குப் பதிந்து முத்திரை குத்தித் தந்தார். வெளியே வந்து பாலசுந்தரம் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு றோட்டிலேயே அழுதுவிட்டேன்.

மறியலில் அவரிடம் சொன்னேன். "அப்ப இனி ஊருக்குத் திரும்ப மாட்டீர்?" என்று கேட்டார். "மாட்டன்" என்றேன். வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இவ்வளவு நாளும் பகிடி விட்டதெல்லாம் பயத்தில்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாமியைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் இருமலுக்கு மருந்து குடியுங்கள்.
யோகமலர்


கொக்குவில்
22.04.1998

யோகமலருக்கு,

வருசப் பிறப்பு பால் பொங்கிப் போனது, அவ்வளவுதான். இருமல் போய்விட்டது. நீர் எப்படி? நின்று வேலை செய்கிற கால்கள், உப்புத் தண்ணீரில் வைத்து எடும்.

வேலைக் கதையை வாசிக்க வாசிக்க அம்மா முகம் மலர்ந்தா. பாகற்காய்க் கதைக்குச் சிரித்தது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. கனகசபாபதியர் கூட, "கொம்பனி உத்தியோகம்தானே" என்று இப்போது ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

ஆனால் இரண்டு நாள் போக அம்மாவுக்குச் சந்தேகம். "நாங்கள் கவலைப்படக்கூடாது எண்டு பொய் எழுதுறாள், ஆற்றையோ வீட்டில சட்டி கழுவுறாளாக்கும்" என்கிறா. நான் சொன்னால் கேட்கிறாவில்லை. அந்தக் கடையில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பும். கண்ணால் கண்டால்தான் அடங்குவா. எனக்கும் பார்க்க ஆசை, ஏன் பொய் சொல்வான்.

தம்பியைப் பற்றி முதலில் எழுதும்.
நாகேஸ்வரி


வெள்ளவத்தை
14.05.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் இருவருக்கும் என் அன்பு. எனக்குக் கால் வீக்கம் தவிர வேறு குறை இல்லை. உப்புத் தண்ணீர் நல்ல வேலை செய்கிறது.

இரண்டு மூன்று கிழமையாக அவரைப் பார்க்க விடவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளே ஏதோ குழப்பமாம். அவரைப் பற்றி இப்போது எழுத ஒன்றும் இல்லை. மாமிக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேட்ட படம் இதற்குள் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற கொன்ஸ்ரன்ஸ் எடுத்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வேதக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு பொன். வெசாக் பண்டிகைச் சனம் குறைந்த நேரம் பார்த்து, "அக்கா, சிரிங்க, இது ஒண்ணும் பொலிஸ் போட்டோ இல்ல" என்றாள். அதனால்தான் அந்தச் சிரிப்பு. கடை உடுப்பு எப்படி? கொலரும் சட்டையில் என் பெயரும் தெரிகிறதா? காசு அடிக்கிற மெசினும் பின்னால் சாமான் அடுக்கும் தெரிய வேண்டும் என்று நான்தான் அந்த இடத்தில் நின்றேன். படம் கழுவி வந்ததும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்னைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. பிழையா மச்சாள்?

பகலில் இங்கே வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை. அவசரம் என்றால் கடை விலாசத்துக்குத் தந்தி அடியுங்கள். படத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

யோகமலர்


கொக்குவில்
02.06.1998

என் கண்ணான யோகமலருக்கு,

உமக்குச் சுகம் கேட்டு எழுத என் கை வரவில்லை.

படம் நேற்றுக் கிடைத்தது. அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் வாங்கிப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா. பிறகு, "பிள்ளை, இவளின்ர நெற்றியைப் பார்" என்றா. பார்த்தேன். "கழுத்தையும் பார்" என்றா. கொலர் திறந்திருக்கிறது, தாலிக்கொடி இல்லை. நான் மெசினையும் பெயரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவள், கதிரையில் இருந்துவிட்டேன்.

அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று எழுதினீர். சொல்ல வாய் வராமல் படமாக அனுப்பினீர். அந்தச் சிரிப்பை எப்படி வரவழைத்தீரோ தெரியாது. தாயிடம் தன் வாயால் சொல்லக்கூடாது என்று நினைத்தீராக்கும். உம்மில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

எங்கே வைத்து, எப்படி, உடம்பைத் தந்தார்களா என்று ஒன்றையும் இப்போது கேட்க மாட்டேன். அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறா. சனம் வந்து போகிறது. உம்மைத் தனியே விடக்கூடாது என்று மட்டும் அம்மா ஒரு தடவை வாய் திறந்து சொன்னா. அதனால் இன்று காலை உம்முடைய கடை விலாசத்துக்குத் தந்தி அடித்திருக்கிறேன். கடைக்காரர் லீவு தராமல் இருந்துவிடக்கூடாது என்று, விபரமாக இங்கிலிசிலேயே அடிக்கச் சொன்னேன்.

இனி அங்கே உமக்கு என்ன இருக்கிறது. வந்துவிடும்.
நாகேஸ்வரி


வெள்ளவத்தை
08.06.1998

மச்சாள், அவர் உயிரோடு இருக்கிறார். இதை முதலில் மாமிக்கு வாசியுங்கள். என் கண்ணால் பார்த்தேன், கதைத்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார்.

மாமிக்கு வாசித்து முடிந்தால் மிச்சத்தை நீங்கள் தனியே வாசியுங்கள். தந்தி அடிக்கப் போனேன், ஊருக்கு லைன் அறுந்து கிடக்கிறதாம், அதனால்தான் கடிதம்.

உங்கள் தந்தி வந்தபோது நான் காசு மெசினில் நின்றேன். ஒஸ்வால்ட் சேர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நங்கி, இருங்க" என்றார். எந்நாளும் மிஸ் என்பவர் நங்கி, தங்கச்சி என்றதும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. தாளைத் தந்தார். 'உமது கணவரின் மரணச் செய்தி அறிந்து துயருறுகிறோம். தனியே இருக்க வேண்டாம். உடன் வரவும்' என்று இங்கிலிசில் இருந்தது.

நான் நம்பினேன் மச்சாள். ஒரு மாதமாக அவரைக் காட்டவில்லை. எனக்குச் சொல்லாமல் உங்களுக்கு அறிவித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். "ஐயோ என்ர மனுசன்" என்று கத்திவிட்டேன். கடை முழுக்கக் கேட்டது.

இதுவரை உங்களுக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். நேர்முகத்தில் ஒஸ்வால்ட் சேர் கேட்ட கேள்வி, "மெரிட்டா? கலியாணம் முடிச்சதா?" என்பது. ஓம் என்றால் மனுசன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். மறியலில் என்று சொல்ல முடியுமா? இல்லை என்றேன். என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது, ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கொடியைக் கழற்றி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உடுப்போடு பொட்டும் பூவும் கூடாது என்பது கடைச் சட்டம். அவரைப் பார்க்கப் போகும்போது மட்டும் ரயிலில் வைத்துக் கொடியைப் போட்டுப் பொட்டு வைத்துக்கொள்வேன். வரும்போது கழற்றி அழிப்பேன். அப்படியே பழகிவிட்டது. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று எழுதினேனே, என் வெறும் நெற்றி என் கண்ணில் படவே இல்லை.

அன்று ஒஸ்வால்ட் சேருக்கும் கண் கலங்கிவிட்டது. "அனே, ஏன் மெரிட் எண்டு சொல்லல்ல? சரி சரி, அழுங்க" என்றார். கொன்ஸ்ரன்ஸ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எப்படிச் செத்தார் என்று ஒருத்தி கேட்க, "ஊர்லதான், ஷெல் விழுந்திருக்கும்" என்று கொன்ஸ்ரன்ஸே மறுமொழி சொன்னாள்.

உடுப்பு மாற்றாமல் ரயில் ஏறினேன். உடம்பையாவது கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் மனதில். வாசலில் பெயரைச் சொன்னேன். "நில்" என்றார்கள். பார்க்க விடுவது அன்றுதான் திரும்பவும் தொடங்கியிருக்கிறது. வலைக்கு அந்தப் பக்கம் அவர் நடந்து வந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "ஏனப்பா பொட்டில்லை? நான் செத்துப்போனனோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது, நான் அனுப்பிய படம் உங்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று.

மறுநாள் உண்மையைச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். கடவுள் சத்தியம். ஆனால் ஒஸ்வால்ட் சேர் முந்திவிட்டார். ஹெட் ஒபிஸில் நான் பொய் சொன்னதற்கு என்னை வேலையால் நிற்பாட்டச் சொன்னார்களாம். "பாவம் விடோ. பொலிஸ் கரைச்சல் ஒண்ணும் இல்லாத பிள்ளை. நான் பொறுப்பு எண்டு சைன் வச்சு அனுப்பிட்டன்" என்றார். கொன்ஸ்ரன்ஸ் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு என் மனுசனின் பெயரில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் பொலிஸ் பதிவு போகும், பதிவு போனால் அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை. "தாங்க்யூ சேர்" என்று சொல்லிவிட்டு மெசினுக்குப் போனேன்.

உயிரோடு இருக்கிற மனுசனுக்கு நான் தாலியறுத்தவளாக நிற்கிறேன் மச்சாள். இது அவருக்குக் கூடாமல் முடியுமா? மாமியிடம் கேட்டு எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

யோகமலர்


கொக்குவில்
29.06.1998

யோகமலருக்கு,

உம்முடைய கடிதத்தின் முதல் வரியை வாசித்ததும் அம்மா எழும்பி இருந்து, "திரும்ப வாசி" என்றா. திரும்ப வாசித்தேன். "இன்னொருக்கா" என்றா. பிறகு சோறு கேட்டா. அவ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நான் குசினி வாசலில் நின்று அழுதேன். நாக்கு நீளமான நான் ஒரு தந்தியில் உம்மை அந்தப் பாடு படுத்திவிட்டேன். என்னை மன்னியும்.

சனத்துக்கு மறுமொழி சொல்லி மாளவில்லை. செத்த வீடு என்று வந்து தேத்தண்ணி குடித்தவர்கள் எல்லாம் திரும்ப வந்து குடிக்கிறார்கள். கனகசபாபதியர் மட்டும், "நான் அப்பவே நம்பயில்லை" என்கிறார். மூக்கால் அழுதவரே அவர்தான்.

மிச்சத்தைத் தனியே வாசிக்கச் சொன்னீர். நான் மறைக்கவில்லை, அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். முதலில் கொதித்தா. "அப்ப அவள் அங்கை என்ர பிள்ளையைச் செத்தவன் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறாளோ?" என்று கேட்டுவிட்டு முற்றத்தில் போய் இருந்தா. பொழுதுபட என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவன் உயிரோட இருக்கிறதுக்கு அவள் அழ வேணுமெண்டால் அழட்டும். நல்லா அழட்டும். ஆரும் சந்தேகப்படக் கூடாது. பாவம் புண்ணியம் ஏதும் வந்தால் பெத்தவள் என்ர தலையில விடியட்டும். ஆனால் அவனுக்கு முன்னால வெறும் நெற்றியோட போகவேண்டாம் எண்டு எழுது."

எழுதிவிட்டேன். கவனமாக இரும். எனக்கும் பயம்தான்.
நாகேஸ்வரி


வெள்ளவத்தை
19.08.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

மாமிக்கு முதலில்: அவரை விட்டுவிட்டார்கள்! சாட்சி இல்லை என்று நீதவான் வழக்கைத் தள்ளிவிட்டார். பாலசுந்தரம் அண்ணையும் நானும் போய்க் கூட்டி வந்தோம். இப்போது பின் அறையில் நித்திரை கொள்கிறார். ஆள் வந்து தட்டினால் மட்டும் திடுக்கிட்டு எழும்புகிறார், அது மாறிவிடும். ஊருக்கு வரப் பாதுகாப்பு அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம். அது கிடைக்கும் வரைக்கும் இங்கேதான். மாமியிடம் இவ்வளவையும் சத்தமாக வாசியுங்கள்.

இனி உங்களுக்கு. என்னுடைய கடைக் கடிதத்தில் செல்வி என்று இருக்கிறது. அதனால் பாலசுந்தரம் அண்ணை அவரைத் தன் பெறாமகன், தம்பியின் பிள்ளை என்று பொலிசில் பதிந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருக்கிறோம், பதிவில் அவர் எனக்கு ஒருவரும் இல்லை. இரவில் சோதனை வந்தால் நான் அண்ணையின் மகளோடு போய்ப் படுக்க வேண்டும். கடையில் உண்மையைச் சொன்னால் இந்தக் கூரையே எங்கள் தலையில் விழும். ஒஸ்வால்ட் சேரின் கையெழுத்தும் இருக்கிறது.

கடைப் பக்கம் வரவேண்டாம் என்று அவரிடம் கும்பிட்டுச் சொல்லியிருந்தேன். "நீர் எங்க நிக்கிறீர் எண்டு ஒருக்காப் பாத்தால் காணும்" என்பார். நேற்றுப் பின்னேரம் வந்துவிட்டார்.

அடுத்த மெசினில் வரிசையே இல்லை. அவர் என்னுடைய நீள வரிசையில் நின்றார். ஒரு பிஸ்கட் பைக்கற்றை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். நான் விலையை அடித்தேன், காசை வாங்கினேன், மீதியை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தப்பு என்று தெரிந்தும் பார்த்துவிட்டேன். அவர் என் சட்டையில் இருந்த பெயரை வாசித்துவிட்டு, என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பும் இல்லை, பகிடியும் இல்லை. நகரவும் இல்லை.

பக்கத்தில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் கண்டுவிட்டாள். "ஏய் மிஸ்டர், என்னா பாக்கிறீங்க? புருஷன் செத்து மூணு மாசம் ஆகல்ல, பாவம் அது. வெக்கமில்லையா?" என்று கத்தினாள். வரிசையில் நின்ற சனமெல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் மீதிக் காசை வாங்கினார். "சொறி மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அடுத்த ஆள் பால்மாவை வைத்தார். அதை எடுக்க எனக்குக் கண் தெரியவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் என் முதுகைத் தடவி, "அழாதீங்க அக்கா, அந்த ஆள் போயிட்டான்" என்றாள்.

யோகமலர்